நான் திருத்திய பாட்டு

எங்கள் வட்டத்தில் பாட்டுக்குப் பெயர் போடக்கூடாது. அந்த விதியைக் கொண்டுவந்தவன் நான்தான். அதனால் பிறகு நடந்ததற்கு வேறு யார் மேலும் பழி போட எனக்கு வழியில்லை.

முப்பதுகளின் பின்பாதி. வில்லியனூரிலிருந்து டவுனில் இருந்த நெசவாலைக்கு விடியற்காலையில் நடந்து போய் தறி ஓட்டிவிட்டு வருகிறவர்களில் நானும் ஒருவன். சங்கத்தில் எனக்குப் பேச்சாளன் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை ஆலை கிடையாது. அன்று காலை எங்கள் ஊர்க் கடைத்தெருவில் இருந்த ஒரு மளிகைக் கடையின் பின்கட்டில், வெல்ல மூட்டைகளுக்கு நடுவில், ஏழெட்டுப் பேர் கூடுவோம். கடைக்காரர் ஒரு பாய். தொழுகைக்கும் தவறாதவர், பொதுவுடைமைப் புத்தகத்துக்கும் தவறாதவர். பாகூரிலிருந்து ஒரு வாத்தியார் சைக்கிளில் வருவார். பிரெஞ்சு தெரிந்தவர், அந்த நாட்டுக் கவிஞர்களைப் படித்து எங்களுக்குத் தமிழில் சொல்வார். சுத்துக்கேணியிலிருந்து கரும்பு வெட்டுகிற ஒருவன் வருவான். அவனுக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஒருமுறை கேட்ட பாட்டை அப்படியே திருப்பிச் சொல்வான்.

நாங்கள் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். அதில் வரவேண்டிய பாட்டும், கூட்டங்களில் பாடவேண்டிய பாட்டும் முதலில் எங்கள் முன்னால் விசாரணைக்கு வரும். விசாரணை என்றேதான் சொல்வோம். ஆரம்பத்தில் பெயரோடுதான் வந்தன. வசதியான வீட்டுப் பையன் எழுதினால் ஆஹா என்றார்கள், கூலிக்காரன் எழுதினால் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சமத்துவம் பேசுகிற இடத்தில் இதென்ன கூத்து என்று சண்டை போட்டு விதியை மாற்றினேன். அதன்பிறகு எழுதுகிறவர்கள் காகிதத்தைக் கடையில் இருந்த பழைய பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டுப் போய்விட வேண்டும். பாய் எல்லாவற்றையும் தன் கையெழுத்தில் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு மூலக் காகிதத்தை அடுப்பில் போட்டுவிடுவார். போலீசு வந்தாலும் எவன் எழுதியது என்று கண்டுபிடிக்க முடியாது. எழுதினவன் எங்களோடு உட்கார்ந்திருந்தாலும் கடைசிவரை வாய் திறக்கக்கூடாது.

நல்ல விதி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதில் நாங்கள் நிறையக் கற்றுக்கொண்டோம். ஒருமுறை ஒரு பாட்டில் அடிக்கு ஒரு விடியல் வந்தது. கிழக்கு சிவந்தது, விடியல் பிறந்தது என்று ஒரே அமர்க்களம். வாத்தியார் கண்ணை மூடித் தலையாட்டினார். கரும்பு வெட்டுகிறவன் மட்டும் கை தூக்கி, "விடிஞ்சா நாங்க கத்தியத் தூக்கிகினு ஓடணும். இதுல சந்தோசப்பட இன்னா இருக்குது?" என்றான். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எழுதிய பாட்டு அது என்று அவர் முகமே காட்டிக்கொடுத்தது.

இங்கே என் மகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், ஆலையில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த நாளில், அவள் இறந்தாள். மூன்று வயது முடியவில்லை. இரண்டு நாளாகக் காய்ச்சல். மூன்றாம் நாள் காலை நான் ஆலை வாசலில் பேசவேண்டியிருந்தது. குழந்தைக்கு இழுப்பு வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு ஆள் ஓடிவந்து சொன்னபோது மேடையில் ஏற இருந்தேன். பேசிவிட்டு வருகிறேன் என்று அவனைத் திருப்பி அனுப்பினேன். பேசினேன். கூட்டம் கைதட்டியது. நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது என் மனைவி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. அவள் என்னை விடத் திடமானவள் என்று நான் அப்போது நினைத்தேன்.

அடுத்த கூட்டத்தில் ஒரு தோழர் என்னைக் காட்டி, பெற்ற பிள்ளையைவிடப் போராட்டத்தைப் பெரிதாக நினைத்தவர் என்றார். ஜனங்கள் எழுந்து நின்றார்கள். அதன்பிறகு அது என் பேச்சிலேயே ஏறிவிட்டது. எந்த ஊரில் பேசினாலும் கடைசியில் என் மகள் கதையைச் சொல்வேன். சொல்லச் சொல்ல அது வழவழப்பாகிவிட்டது. அதில் காய்ச்சல் கிடையாது, இழுப்பு கிடையாது, சுவரைப் பார்த்து உட்கார்ந்த பெண் கிடையாது. ஒரு வீரனும் ஒரு தியாகமும்தான் இருந்தன. இதை எழுதும்போது கை கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் நோட்டைத் திறந்து ஒரு புதுப் பாட்டைப் படித்தார். அவர் வழக்கமாக நன்றாக இழுத்துப் படிப்பார். அன்றைக்குக் கடகடவென்று ஒப்பித்தார்.

காய்ச்சல் கொதிக்குதுன்னு
கழுத்தத் தொட்டுப் பாக்கயில
கூட்டத்துக்கு நேரமின்னு
குடம்தாண்டிப் போனவனே

ஊருசனம் பசியெல்லாம்
ஒருதோளில் சுமந்தவனே
ஒம்புள்ள தலைசாய
ஒருதோளும் இல்லையே

நீபேசும் பேச்செல்லாம்
நெசமின்னு நானறிவேன்
பேசிநீ வரும்வரைக்கும்
பிள்ளஉசுரு காக்கலியே

இதைப் படிக்கும் உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. சத்தியமாக விளங்கவில்லை. யாரோ எதையோ எழுதியிருக்கிறார்கள் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கரும்பு வெட்டுகிறவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எங்க வூட்லயும் இப்படித்தான் ஒண்ணு போச்சு. நான் அப்போ பாகூர்ல வெட்டிகினு இருந்தேன்" என்றான்.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். பாட்டு உருக்கமாக இருக்கிறது, ஆனால் ஒரு தனி மனிதரின் துக்கத்தோடு நின்றுவிடுகிறது, துக்கம் கோபமாக மாறினால்தான் அது நம் கவிதை, மேல்நாட்டில் நம்மவர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள் என்றார்.

நான் அதோடு விடுவேனா? எனக்குத்தான் கொம்பு முளைத்திருந்ததே.

"இது உருக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றேன். "இது சங்கத்துமேல வீசுற சேறு. இதை ஒரு மிராசுதார் கையில குடுங்க, அச்சடிச்சு ஊரெல்லாம் இலவசமா விடுவான். கூட்டத்துக்குப் போறவன் பிள்ளையக் கொல்லுறவன்னு ஆவுது."

"கொல்றான்னு எங்கண்ணா சொல்லுது? காக்கலன்னுதான சொல்லுது?" என்றான் கரும்பு வெட்டுகிறவன்.

"அழுவுறதுதான் அரசியலா?"

"ஏன், அழுதா தப்பா?"

"அழுவுறது தப்பில்ல. அழுதுட்டு சும்மா படுத்துக்கறதுதான் தப்பு." இது நான் மேடையில் சொல்கிற வசனம். இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

கடைசியில் கை தூக்கச் சொன்னோம். பாட்டின் முதல் இரண்டு கண்ணிகள் அப்படியே இருக்கட்டும், மூன்றாவதை மாற்றிவிட்டுப் பாகூர் கூட்டத்தில் பாடலாம் என்று முடிவாயிற்று. பாட்டுகளைத் திருத்துகிற வேலை எப்போதும் என்னுடையது. பாய் நோட்டை மூடி வைத்துக்கொண்டு, "தம்பி, இதை மட்டும் நீங்க திருத்த வேணாமே. வாத்தியார் பார்க்கட்டும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. "ஏன் பாய், எனக்குத் திருத்தத் தெரியாதா?"

"அதுக்கில்ல தம்பி."

"பின்ன எதுக்கு?"

அவர் என்னைப் பார்த்தார், பிறகு வெல்ல மூட்டையைப் பார்த்தார். "விதி இருக்குல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு நோட்டை என்னிடம் தந்தார். நான் உண்டாக்கிய விதிதான் அவர் வாயைக் கட்டியது.

அன்றைக்கு மத்தியானம் வீட்டில் என் மனைவி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் கோரைப்பாயை விரித்து நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். எதை எழுதினாலும் முதலில் அவளுக்குப் படித்துக்காட்டுவது என் வழக்கம். அவள் பிரெஞ்சு சர்க்காரின் கொம்யூன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவள். நன்றாகப் படிப்பாள். எழுதுவாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பெண்ணுரிமையைப் பற்றி நான் ஒரு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பேசுவேன் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டை முழுக்கப் படித்தேன். அவள் கை நின்றது.

"யாரு கட்டுனதாம்?" என்று கேட்டாள்.

"பேரு ஏது? எவனோ ஒரு ஆம்பள. பொம்பள குரல்ல எழுதி நம்மள அழவைக்கப் பாக்குறான்."

"பொம்பளையே கட்டியிருந்தா?"

நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். "பெத்தவ எழுதியிருந்தா கோவம்ல வந்திருக்கும்? இதுல பாரு, நெசமின்னு நானறிவேன்னு அவனுக்கே வக்காலத்து வாங்குறா. இப்படி ஒருத்தி இருப்பாளா?"

"இருக்கமாட்டாளா?"

"மாட்டா."

அவள் மீனைத் திருப்பிப் போட்டுச் செதில் உரித்தாள். நான் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. வந்த சந்தோஷத்தில் குரலை உயர்த்திப் பாடிக்காட்டினேன்.

போனபிள்ளை போகட்டும்
பொங்கியெழு தாயே நீ
ஆயிரம் பிள்ளைகளின்
அன்னையென நின்றிடுவாய்

"எப்படி இருக்குது?" என்றேன்.

அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "போவட்டுமா?" என்றாள்.

"அது ஒரு கருத்து. ஒரு பிள்ளையோட நின்னுடக்கூடாதுன்னு சொல்றது."

"சரி" என்றாள். எழுந்து போய் மீனைக் கழுவினாள். நான் மூன்றாவது கண்ணியை நல்ல எழுத்தில் நகல் எடுக்க ஆரம்பித்தேன். அன்றைக்கு மீன் குழம்பு நன்றாக இருந்தது, இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

பாகூர்க் கூட்டம் ஏரிக்கரையை ஒட்டின திடலில் நடந்தது. நடவுப் பெண்களுக்குக் கூலி உயர்த்திக் கேட்கிற கூட்டம். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பெண்கள் வண்டி வண்டியாக வந்திருந்தார்கள். ஆலையில் சரியாக வேலையில்லாத மாதங்களில் என் மனைவியும் நடவுக்குப் போவாள், அதனால் அவளும் வில்லியனூர்ப் பெண்களோடு வந்திருந்தாள். வெயில் சாய ஆரம்பித்த நேரம். ஆலைத் தோழர்கள் இரண்டு பேர் கஞ்சிராவோடு மேடை ஏறினார்கள். நான் மேடைக்குக் கீழே நின்றேன். பாட்டு முடிந்ததும் நான் பேசவேண்டும். பேச்சின் கடைசியில் வழக்கம்போல என் மகள்.

அவர்கள் 'காய்ச்சல் கொதிக்குதுன்னு' என்று எடுத்தார்கள். இரண்டாவது அடிக்குள் பெண்கள் கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பாட்டு இன்னும் பத்திரிகையில் வரவில்லை. எந்த மேடையிலும் பாடவில்லை. இவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் அந்தத் திகைப்பு சந்தோஷமாக மாற அதிக நேரம் ஆகவில்லை. பார்த்தீர்களா, நம் பாட்டு ஜனங்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பக்கத்தில் நின்ற வாத்தியாரின் தோளைத் தட்டினேன். 'ஊருசனம் பசியெல்லாம்' வந்தபோது திடல் முழுக்க ஒரே குரலாக இருந்தது. நடவில் குனிந்து பாடுகிற மெட்டில், அவசரமே இல்லாமல், இழுத்துப் பாடினார்கள். கஞ்சிராக்காரர்கள்தான் அவர்கள் பின்னால் ஓடவேண்டியிருந்தது.

மூன்றாவது கண்ணி வந்தது. மேடையில் இருந்தவர்கள் 'போனபிள்ளை போகட்டும்' என்று தொடங்கினார்கள். பெண்கள் நிறுத்தவில்லை. 'நீபேசும் பேச்செல்லாம்' என்று போய்க்கொண்டே இருந்தார்கள். இரண்டும் ஒன்றோடொன்று மோதின. மேடைக்காரர்கள் குரலை உயர்த்தினார்கள். பெண்கள் உயர்த்தவில்லை, ஆனால் அவர்கள் நிறையப் பேர். கொஞ்ச நேரத்தில் கஞ்சிரா தானாக நின்றது. 'பிள்ளஉசுரு காக்கலியே' என்பதை அவர்கள் இரண்டு முறை பாடி முடித்தார்கள்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள். பாகூர்க்காரி, எனக்குப் பழக்கமில்லாதவள். "இன்னாப்பா பாட்ட தப்பா பாடுறீங்க? போவட்டும்னு எவளாவது பாடுவாளா?" என்றாள்.

நான் சமாதானம் சொல்லும் குரலில், "அம்மா, அது திருத்தினது. பழசுல கருத்து கொஞ்சம்" என்று ஆரம்பித்தேன்.

"யாரு திருத்துனது?"

"நான்தான்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பின்னால் திரும்பி வில்லியனூர்ப் பெண்கள் பக்கம் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். "அய்ய, நீதானா அது?" என்றாள். "உன் வூட்டுக்காரி நடவுல கட்டுன பாட்டுய்யா. இந்தக் கரையில எல்லாருக்கும் தெரியும். உனக்குத் தெரியாதா?"

காதுக்குள் ஆலைச் சங்கு ஊதுவது போல ஒரே சத்தம். அதற்குள் அந்தக் குடம் கண்முன் வந்து நின்றது. வேலைநிறுத்தத்தின் அந்தக் காலையில் அவள் தண்ணீர்க் குடத்தை வாசற்படியில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே ஓடிக் குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தக் குடத்தைத் தாண்டித்தான் தெருவில் இறங்கினேன். இரண்டு வருஷமாக நூறு மேடையில் சொன்ன என் கதையில் அந்தக் குடம் ஒருநாளும் வந்ததில்லை. அதைப் பார்த்தவள் ஒருத்திதான்.

அவளுக்கே நான் பாடிக்காட்டினேன். போனபிள்ளை போகட்டும் என்று அவள் மீன் ஆய்கிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, ராகம் போட்டு, எப்படி இருக்குது என்று கேட்டேன். நான் கெட்டவன் என்று யாராவது சொன்னால் தாங்கிக்கொள்வேன். நான் குருடனாகவும் செவிடனாகவும் ஒரே வீட்டில் இரண்டு வருஷம் இருந்திருக்கிறேன், அதுவும் ஊருக்கெல்லாம் கண்ணைத் திறந்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்து நான் பேசுவேன் என்று மேடையில் அறிவித்தார்கள். ஏறினேன். கூலியைப் பற்றி நாலு வார்த்தை சொன்னேன். என் மகள் வரவேண்டிய இடம் வந்தது. பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூடப் பேசியிருப்பேன். தெரிந்துகொண்டுவிட்டாயா என்று கேட்கிற முகங்கள். அவளைப் பற்றிச் சொல்லாமலே இறங்கிவிட்டேன். வாத்தியார் ஓடிவந்து மீதியைப் பேசினார்.

அவள் மற்றப் பெண்களோடு வண்டியில் ஏறவில்லை. சாலையில் தனியாக நடந்துகொண்டிருந்தாள். நான் பின்னாலேயே போனேன். கரும்புக் கொல்லை முடிந்து நெல் வயல் வந்தது. என் வாயில் மன்னிப்பு என்ற சொல்லே வரவில்லை, அதை மேடையில் நான் பயன்படுத்தியதில்லை. கடைசியில் வந்தது ஒரு குற்றச்சாட்டுத்தான். அதுதான் என் குணம்.

"எதுக்கு டின்னுல போட்ட? நாலு பேருக்கு முன்னாடி நான் அதைக் கிழிகிழின்னு கிழிச்சேன்."

"தெரியும். பாயி சொன்னாரு."

"பின்ன?"

"வாயால சொன்னா நீ கேக்கமாட்டய்யா. பாட்டுனாத்தான் உக்காந்து கேப்ப. அதான் பாட்டா கட்டுனேன்." அவள் குரலில் குத்தல் இல்லை. கடைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். "டின்னுல போட்டா எல்லாத்தையும் சமமா கேப்பீங்கன்னு நீதான சொன்ன?"

எனக்கு அழுகை வந்தது. என் மகள் செத்த அன்று வராதது. சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன, ஆட்கள் பார்த்தார்கள். அவள் நின்றாள். கையைப் பிடிக்கவுமில்லை, விலகிப் போகவுமில்லை. அழுது முடியட்டும் என்று வயலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவ்ளோ நாளா என்னாண்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றேன்.

"சொல்லிகினுதான் இருந்தேன்" என்றாள். "நீ திருத்திகினு இருந்த."